ஒரு சிகரெட்டுக்கு ஒரு வரிசை

நான் முதன்முதலில் பின்னிய துணி கோவணமாகப் போய் முடிந்தது. சிம்பாங் பூலாய் பக்கம் காய்கறி லோரி ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முதலில் அதைத்தான் விசாரிக்கிறார்கள். அவர்கள் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

பின்ன நினைத்தது சதுரமான ஒரு கைத்துண்டு. அடியில் ஒரு முழ அகலத்தில் ஒழுங்காகத்தான் தொடங்கினேன். வரிசை ஏற ஏற அது தன் போக்கில் குறுகிக்கொண்டே போய், மேலே இரண்டு விரல் அகலத்தில் நின்றது. கேமரன் மலையில் முட்டைக்கோஸ் ஏற்றக் காத்திருந்த இடத்தில், என்னோடு முப்பது வருடமாக லோரி ஓட்டும் நண்பன் அதைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தான். நாங்கள் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். உறவு ஒன்றும் கிடையாது.

"கரெக்டா இருக்கு மச்சான். பின்னால சொருகறதுக்கு வாலு கூட விட்டுருக்க லா," என்றான்.

கோஸ் கூடை தூக்கிக்கொண்டிருந்த பங்களாதேஷ் ஆட்களுக்குக்கூட விஷயம் புரிந்துவிட்டது. எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். ஆனால் அன்று அவனை அடிக்க முடியவில்லை, ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் நூல்கண்டு. அந்த இரண்டையும் கீழே போட எனக்குப் பயமாக இருந்தது. அதற்குக் காரணம் வேறு.

அதற்கு ஒரு மாதம் முன்பு ஆஸ்பத்திரியில் இருதய அடைப்புக்கு என் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் குழாயை வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். டாக்டர் என் மகள் வயதுப் பெண். சத்தமே போடவில்லை. இனிமேலும் புகைத்தால் நான் உங்களுக்கு எந்த உறுதியும் தர முடியாது என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டு அடுத்த ஆளின் கார்டைக் கையில் எடுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் சிகரெட்டுக்காக என்னோடு மல்லுக்கு நின்றவள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்துக் காரில் நான் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க நெஞ்சு, நீங்களே பாத்துக்குங்க," என்றாள். அவ்வளவுதான்.

சொன்னபடியே அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை முகர்ந்து பார்க்கவில்லை. பாக்கெட்டைத் துழாவவில்லை. அந்த மௌனம் டாக்டரைவிட அதிகமாக என்னைப் பயமுறுத்தியது. என்னைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டாளோ என்று தோன்றியது.

சிகரெட்டை விடுவதில் எனக்கு வாய் ஒரு பிரச்சினையே இல்லை. கைதான். மலைக்கு ஏறிப் போய்விட்டால் காய்கறி வந்து சேரும்வரை இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் என் வலது கை சட்டைப் பைக்குப் போய்ப் போய்த் திரும்பும். பல்குச்சி வைத்துப் பார்த்தேன், புளிப்பு மிட்டாய் வைத்துப் பார்த்தேன், சாவிக்கொத்தைச் சுழற்றிப் பார்த்தேன். சாவி ஒருநாள் கோஸ் தோட்டத்துச் சாக்கடையில் விழுந்ததோடு அதுவும் நின்றது.

மலையேறுவதற்கு முன்பு நான் எப்போதும் சிம்பாங் பூலாயில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தி ரொட்டி சானாய் சாப்பிடுவேன். கல்லாவில் முதலாளியின் மனைவி உட்கார்ந்திருப்பார். நாற்பது வயதிருக்கும். காசு வாங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கொக்கி வைத்த சின்ன ஊசியால் வெள்ளைத் தொப்பி பின்னிக்கொண்டே இருப்பார். வீட்டு ஆண்கள் தொழுகைக்குப் போட்டுக்கொள்ளும் தொப்பி. எத்தனையோ வருடமாகப் பார்த்த காட்சிதான், ஆனால் அன்றைக்குத்தான் கவனித்தேன்: அந்தக் கை ஒரு நிமிஷம்கூட வேறெதையும் தேடிப் போகவில்லை.

"தங்கச்சி, இது கத்துக்கறது கஷ்டமா?" என்று கேட்டேன்.

"யாருக்கு, வீட்டுல அக்காவுக்கா?"

"எனக்கு."

அவர் கிண்டல் என்று நினைத்துச் சில்லறையை என் பக்கம் தள்ளினார். நான் நகராமல் நின்றேன். நெஞ்சுக் குழாயையும் சிகரெட்டையும் சொன்னேன். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு தடித்த ஊசியையும் மிச்சம் கிடந்த இளஞ்சிவப்பு நூல்கண்டையும் எடுத்துக் கொடுத்தார்.

"தடிச்ச நூல்ல ஆரம்பிங்கண்ணே. மெல்லிசு நூலு எடுத்தீங்க, கண்ணு போயிரும். மொதல்ல நூலு நுனியில ஒரு சுருக்கு போடணும். இழுத்தா அவுந்துரணும், இல்லன்னா ஊசியில இறுகணும். அந்த மாதிரி."

நான் போட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "அட, இது வருதே! புதுசா வாரவங்களுக்கு ரெண்டு நாளு ஆவும்."

வராமல் என்ன? லோரிக்கு மேல் கன்வாஸ் இழுத்துப் போட்டுக் கயிறு கட்டுகிறவனுக்குத் தெரிந்த முடிச்சு அதுதான். எவ்வளவு பாரம் என்றாலும் வழியில் அவிழாது. சந்தையில் இறக்கும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை ஒரே இழுப்பு இழுத்தால் மொத்தமும் கழன்று வந்துவிடும். அந்த முடிச்சில் ஈப்போ மொத்தச் சந்தையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அன்று பெருமையாக மலையேறினேன்.

அந்தப் பெருமை பாதி மலைக்குக்கூடத் தாங்கவில்லை. மறுநாள் கல்லாவுக்கு முன்னால் நின்று, ஊசி கண்ணிக்குள் நுழைய மாட்டேன் என்கிறது, ஊசி சரியில்லை என்று புகார் செய்தேன். அவர் நான் பின்னியதை வாங்கி விரலால் தட்டிப் பார்த்தார். பலகை மாதிரி இருந்தது.

"நீங்க கயிறு கட்டியிருக்கீங்கண்ணே. நூலை இழுக்கக் கூடாது, விடணும். ஒவ்வொரு கண்ணியும் ஊசியோட கழுத்துல இறுகக் கூடாது, வயித்துப் பக்கம் வந்து உக்காரணும். கோஸ் ஒண்ணும் கீழ விழுந்துராது."

ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் சொல்வார். அதற்குள் யாராவது காசு கொடுக்க வந்துவிடுவார்கள். நானும் ஒரு நாளைக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டேன். மலையில் உட்கார்ந்து யோசித்து, இருப்பதிலேயே அவசரமான கேள்வியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வருவேன். எது முன்பக்கம், எது பின்பக்கம்? இந்தப் பின்னலுக்கு இரண்டும் ஒன்றுதான், கவலைப்படாதீர்கள். தப்பு வந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா? ஊசியை எடுத்துவிட்டுத் தப்பு வரைக்கும் இழுத்தால் போதும், அந்தக் கண்ணியில் மறுபடி ஊசியை மாட்டித் தொடருங்கள். நூல் தீர்ந்துவிட்டால் புது நூலை முடிச்சுப் போட்டு ஒட்டலாமா? அதற்கு மட்டும் முகத்தைச் சுளித்தார். ஒட்டலாம், ஆனால் அழகில்லை, வரிசை முடிவில் மாற்றுங்கள் என்றார். நான் முடிச்சுதான் போட்டேன். எனக்கு முடிச்சில்தான் நம்பிக்கை.

கோவணத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"கடைசி கண்ணியை விட்டுட்டு விட்டுட்டு வாரீங்க. வரிசை திரும்பும்போது அது ஒளிஞ்சுக்கும். எல்லாரும் பண்ற தப்புதான். மொதக் கண்ணியிலயும் கடைசிக் கண்ணியிலயும் ஒரு ஊக்கு குத்தி வைங்க. ஊக்கு வார வரைக்கும் வரிசை முடியல."

அந்தக் கோவணத்தைப் பிரித்து, அதே இளஞ்சிவப்பு நூலில் அறுபது கண்ணி போட்டு மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். சிகரெட் ஆசை வந்தால் ஒரு வரிசை. ஆசை வராவிட்டால் ஊசியைத் தொடக் கூடாது. ஒரு வரிசை பின்ன ஒரு சிகரெட் குடிக்கிற நேரம் ஆகும், முடிவதற்குள் ஆசை பாதி அடங்கியிருக்கும். அடங்கவில்லை என்றால் இன்னொரு வரிசை. முதல் நாட்களில் பத்து, பதினொன்று என்று போனது.

வீட்டில் சொல்லவில்லை. இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் சொல்லலாம் என்று நினைத்தேன். தோற்றுப்போனால் யாருக்கும் தெரியாமல் போகட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி லோரியைக் கழுவ உதவிக்கு வந்தாள். நான் பின்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால், டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த இளஞ்சிவப்பு நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"யாரோடது இது?"

"என்னோடது."

"யாரோடதுன்னு கேட்டேன்."

கல்யாணமாகி முப்பது வருடத்தில் அந்தப் பார்வையை நான் பார்த்ததில்லை. ஐம்பத்துநான்கு வயதில், தொண்ணூறு கிலோவில், நெஞ்சில் குழாயோடு, எவள் மீதோ எனக்கு மோகம் என்று ஒருத்தி சந்தேகப்படுகிறாள்! உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவள் உதடு நடுங்கியது. அதற்கு மேல் விளையாட மனம் வரவில்லை. ஈரக் கையைக் கைலியில் துடைத்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து, துணியையும் ஊசியையும் எடுத்து, அவள் கண்முன்னாலேயே ஒரு வரிசை பின்னினேன். ஊக்கில் தொடங்கி ஊக்கில் முடித்தேன். பிறகு சட்டத்தையும் சொன்னேன்.

அவள் முதலில் நம்பவில்லை. பிறகு துணியை இழுத்து மடியில் போட்டு விரலால் வரிசைகளைத் தடவிக்கொண்டே போனாள். "இவ்ளோ சிகரெட்டா?" என்றாள். பிறகு சிரித்தாள். வாளியைத் தட்டிவிட்டு, லோரி டயரில் சாய்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். எத்தனையோ மாதமாக நான் கேட்காத சிரிப்பு அது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார், என்ன ஏதென்று தெரியாமலே.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தத் துணியைக் கூடத்தில் விரித்துப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்வாள். தடவிப் பார்ப்பாள். இறுக்கமாக இருக்கும் இடத்தில் விரல் நிற்கும். "இங்க என்னா நடந்துச்சு?" என்பாள். "புதன்கிழமை. டயர் வெடிச்சிருச்சு," என்பேன். சண்டைக்கு வந்த முதலாளி, மழையில் நனைந்த பாரம், மகள் ஷா ஆலாமிலிருந்து போன் செய்து அழுத நாள் எல்லாம் அதில் கை வைத்தால் தெரியும். இளஞ்சிவப்பு தீர்ந்து மஞ்சள், மஞ்சள் தீர்ந்து கிளிப்பச்சை என்று கல்லாவுக்கு அடியில் கிடந்த மிச்ச நூலெல்லாம் என் துணிக்குள் போய்க்கொண்டிருந்தது. நாளுக்குப் பத்து வரிசை என்பது நாலாகி, இரண்டாகி, சில நாள் ஒன்றுமே இல்லாமலும் போனது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மழையில் மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது. கோஸ் பாரத்தோடு நாங்கள் பாதி வழியில் மாட்டிக்கொண்டோம். முன்னால் இருபது லோரி, பின்னால் இருபது லோரி. ஆறு மணி நேரம். கிளிப்பச்சை நூலும் இரண்டாவது மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. மச்சான் தன் லோரியிலிருந்து இறங்கி வந்து என் ஜன்னலில் சாய்ந்து நின்று புகைத்தான். அவன் நீட்டவில்லை. நான்தான் கேட்டேன். இரண்டு குடித்தேன்.

மறுநாள் கல்லாவுக்கு முன்னால் துணியை வைத்து, முழுவதும் பிரித்துவிடட்டுமா என்று கேட்டேன். நிஜமாகவே பிரிக்கத்தான் நினைத்தேன். பொய்த்துணி என்று தோன்றியது.

அவர் துணியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "எங்கண்ணே தப்பு? எல்லா வரிசையும் சரியாத்தானே இருக்கு."

"சிகரெட் குடிச்சிட்டேன் தங்கச்சி."

"அது ரோட்டுல நடந்தது. இதுல ஒண்ணும் நடக்கல," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் மீ கோரெங் தட்டுக்குக் காசு வாங்கப் போய்விட்டார்.

மனைவியிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து மலையில் சாப்பாட்டுப் பையைத் திறந்தால் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் புது நூல்கண்டு ஒன்று இருந்தது. நல்ல நீலம். ஈப்போவுக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கியிருக்கிறாள். சோற்றை அப்படியே வைத்துவிட்டு, பச்சை நூலின் நுனியோடு நீலத்தைச் சேர்த்து, என்னால் முடிந்தவரை இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். கண் கலங்கியதை மச்சான் பார்த்துவிட்டான். கிண்டல் செய்யவில்லை.

தீபாவளிக்கு அந்தத் துணியைக் கூடத்தில் நீள சோபாவின் முதுகில் போர்த்த வேண்டும் என்று மனைவி முடிவு செய்துவிட்டாள். எங்கள் வீடு பத்து காஜா போகும் வழியில், பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றை அழித்துக் கட்டிய குடியிருப்புத் தாமானில் இருக்கிறது. தீபாவளி என்றால் அந்தத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒன்றாக இருந்த பாதிக் குடும்பங்கள் எங்கள் வாசலில்தான் நிற்கும். அத்தனை பேரும் பார்க்க வேண்டுமாம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. ஆனால் ஒரு பிரச்சினை. அதுவரை ஆரம்பிப்பதைப் பற்றியும் நடுவில் வரும் தப்புகளைப் பற்றியும்தான் கேள்வி கேட்டிருந்தேனே தவிர, முடிப்பது எப்படி என்று கேட்டதே இல்லை. கடைக்குப் போனால், உறவில் கல்யாணம், பினாங்குக்குப் போயிருக்கிறார்கள், தீபாவளிக்குப் பிறகுதான் கடை திறக்கும் என்று ஷட்டரில் தாள் ஒட்டியிருந்தது.

போகட்டும், முடிச்சுதானே, நமக்குத் தெரியாத முடிச்சா என்று நினைத்தேன். கடைசிக் கண்ணியில் என் கன்வாஸ் முடிச்சைப் போட்டேன். பழக்க தோஷத்தில் நுனியை ஒரு சாண் வெளியே நீட்டியும் விட்டேன். இழுத்து, தள்ளி, தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

தீபாவளியன்று அந்தத் துணிக்கு நடந்த மரியாதையைச் சொல்லி மாளாது. இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று சோபா முதுகு முழுவதும் படர்ந்து இரண்டு பக்கமும் தொங்கியது. என் மனைவி ஒவ்வொருவரிடமும் ஒரே கதையை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னாள். நான்காவது தடவை சொல்லும்போது நெஞ்சுக்குள் இருந்த குழாய் மூன்றாகிவிட்டது. பெண்கள் என்னிடம் வந்து கேள்வி கேட்டார்கள். ஓரம் எப்படி நேராக வந்தது? ஊக்கு, ஊக்கு என்று பெரிய வித்வான் மாதிரி சொன்னேன்.

மச்சான் சோபாவில் சாய்ந்து, கையை முதுகுப் பக்கம் நீட்டிப் போட்டு உட்கார்ந்து, முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான். இரும்புப் பட்டை போட்ட கடிகாரம் கட்டியிருந்தான். ஆட்டுக்கறி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ள எழுந்து சமையலறைக்குப் போனான். அங்கே ரசம் கேட்டான். பின்பக்கம் போய்க் கை கழுவினான். திரும்பி வந்து வாசல் பந்தலில் யாருக்கோ வணக்கம் சொன்னான். அவன் போன இடமெல்லாம் ஒரு நீலக்கோடும் கூடவே போனது. கடிகாரப் பட்டையில் மாட்டிய நுனி, நான் முப்பது வருடமாகப் பெருமைப்பட்ட அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒரே இழுப்பு.

முதலில் பார்த்தது என் மனைவி. "ஐயோ, நில்லுங்க! அசையாதீங்க!" என்று கத்தினாள். அசையாதே என்றால் யார் அசையாமல் இருக்கிறார்கள்? அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். பக்கத்தில் நின்றவர்கள் நூலைக் காப்பாற்றுகிறேன் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். கண்ணி கண்ணியாக, சரசரவென்று ஓடியது. நீலம் முழுவதும் போய், பச்சையோடு சேர்த்துக் கட்டிய இடத்தில், நான் சோறு சாப்பிடாமல் இறுக்கிப் போட்ட முடிச்சில் வந்து நின்றது.

முப்பத்தொரு வரிசை. அந்த இரண்டு சிகரெட்டுக்குப் பிறகு நான் குடிக்காமல் தாண்டிய அத்தனையும் கூடத்துத் தரையில் சுருள் சுருளாகக் கிடந்தது.

மச்சான் முகம் வெளுத்துப்போய், கடிகாரக் கையைத் தூக்கியபடியே நின்றான். அந்த நேரத்தில்தான் என் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவள் சிரித்ததும் கூடமே சிரித்தது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அதெல்லாம் நூலா? மழையில், வெயிலில், மலை வளைவில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் அது. நூலை வாரிச் சுருட்டிக்கொண்டு, துணியையும் இழுத்துக்கொண்டு வெளியே பந்தலுக்கு வந்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே மேசையில் மச்சானின் சிகரெட் பெட்டி, மேலே லைட்டர். பெட்டி திறந்தே இருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஏழு.

என் வலது கை கிளம்பியது. எனக்கு அந்தக் கையை நன்றாகத் தெரியும். இனி நான் சொன்னால் கேட்காது. அது மேசை வரைக்கும் போகவில்லை. நேராகச் சட்டைப் பைக்குப் போய், அங்கே இருந்த ஊசியை எடுத்தது.

பச்சை முடிச்சுக்குப் பக்கத்தில் திறந்து கிடந்த கண்ணியில் ஊசியை மாட்டினேன். தீபாவளிப் புது வேட்டியோடு, விருந்தாளிகளுக்கு நடுவில், முறுக்கிக்கொண்ட பழைய நீல நூலை நீவி நீவி மறுபடி பின்னத் தொடங்கினேன். வந்தவர்களுக்கு இடது கையால் வணக்கம் வைத்தேன். மச்சான் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சிக்கலைப் பிரித்து நூலை எனக்கு விட்டுக்கொண்டே இருந்தான். சிகரெட் பெட்டியை அவனே எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து, முடித்த துணியோடு கடைக்குப் போனேன். கடைசிக் கண்ணியில் ஊக்கைக் குத்தி வைத்திருந்தேன். நடந்ததைச் சொன்னதும் கடைக்காரத் தங்கச்சி கல்லாவைவிட்டு எழுந்து பின்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

"ஆரம்பிக்கிற முடிச்சை வெச்சு யாராவது முடிப்பாங்களாண்ணே? அது அவுறதுக்குன்னே போடறது. முடிக்கறதுக்கு முடிச்சே வேணாம். இங்க பாருங்க. நூலை வெட்டிரணும். வெட்டுன நுனியை கடைசிக் கண்ணிக்குள்ள முழுசா இழுத்துரணும். அப்புறம் தையல் ஊசியில கோத்து, துணிக்குள்ளயே இந்தப் பக்கம் கொஞ்சம், திரும்பி அந்தப் பக்கம் கொஞ்சம், மறுபடி ஒரு தடவை. நுனி எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியக் கூடாது."

கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். வெட்டுவதற்கு எனக்குக் கை வரவில்லை. இத்தனை மாதம் பிடித்துக்கொண்டிருந்த நூல். வெட்டிவிட்டால் அப்புறம் எதைப் பிடித்துக்கொள்வது? அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை நூல்கண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் வெட்டினேன்.

வீட்டுக்கு வந்து, துணியை நனைத்து, பாயில் நேராக்கி விரித்து நிழலில் காயவைத்தோம். அதுவும் அவர் சொன்னதுதான். ஓரம் சுருளாமல் படிந்து நிற்குமாம். மாலையில் மனைவி அதை மடியில் போட்டுக்கொண்டு வழக்கம்போல் தடவிப் பார்த்தாள். முடிந்த இடத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. கிடைத்த ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தும் பார்த்தாள். வரவில்லை.

பிறகு அவள் விரல் நீலத்தில் வந்து நின்றது.

"இது ஒரே மாதிரி இருக்கே. எங்கயும் இறுக்கமே இல்ல. இந்த முப்பத்தொண்ணும் எப்போ எப்போ போட்டீங்க?"

நான் யோசித்தேன். தீபாவளியன்று பந்தலில் நாலு வரிசை. மிச்சத்தை எல்லாம் இந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் போட்டேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் வந்திருந்தாள், மூன்று பேரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். நான் பின்னிக்கொண்டிருந்தேன்.

"ஆசை வந்து போட்டதில்ல," என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. "சும்மா போட்டேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவள் துணியை மடித்து சோபாவில் வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். மிளகாய்த்தூள் டின்னை நகர்த்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் கையில் ஒரு சிகரெட் பெட்டியை வைத்தாள். பிரிக்காத பெட்டி. மேலே மிளகாய்த்தூள் படிந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாளே வாங்கி வெச்சேன்," என்றாள். "நீங்க தாங்க மாட்டீங்க, வெறி புடிச்சி அந்த மலை ரோட்டுல லோரியை எங்கயாவது விட்டுருவீங்கன்னு பயந்தேன். அப்படி ஒரு நாளு வந்தா குடுக்கலாம்னு. நான் உங்கள நம்பலங்க."

அழுதுகொண்டே சொன்னாள். ஒன்றுமே சொல்லாமல் இருந்தாளே, அத்தனை மாதமும் என்னைக் கழித்துவிடவில்லை. மிளகாய்த்தூளுக்குப் பின்னால் எனக்காகப் பயத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தத் துணியைத் தடவிப் பார்த்திருக்கிறாள்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னா?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"முப்பது வருஷமா என்கூட சண்டை போட்டியே. நான் குடிச்சது இந்த சிகரெட் இல்ல."

"அப்புறம் எது?"

எனக்கு அதன் பெயர் உடனே ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, கோஸ் தோலும் வெங்காயச் சருகும் கிடந்த குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, தேத்தண்ணீர் போடப் போனாள். நான் வெள்ளை நூலை எடுத்து, நுனியில் ஒரு சுருக்குப் போட்டேன்.